மெட்டு யார் சொத்து?

"புத்தகத்தைப் பார்த்து சங்கீதம் வருமா?" நாற்பது வயதைத் தாண்டியபின் மதுரையில் ஒரு பழைய கிட்டாரை வாங்கி, மூன்று பாடப்புத்தகங்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு கற்கத் தொடங்கிய நாள்முதல் இந்தக் கேள்வியைக் கேட்டுவருகிறேன். உடன் பணிபுரியும் ஆண்கள் சிரித்தபடி கேட்கிறார்கள். வீணை கற்ற தோழி கவலையோடு கேட்கிறாள். கிட்டார் சொல்லித் தரும் ஒருவர், "பிள்ளைகளுக்குன்னா சொல்லித் தரலாம், உங்களுக்கு எதுக்கு மேடம்?" என்று முதலில் கேட்டார். புத்தகம் போதும் என்று நான் கிளம்பியதும் அவரும் இதையே கேட்டார். சொல்லித் தரவும் மாட்டார்கள், நாமாகக் கற்றால் வராது என்றும் சொல்வார்கள். இரண்டையும் ஒரே வாய் சொல்லும்போது அதை இசைபற்றிய கருத்தாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. வாசலில் நிற்கும் காவலாளியின் பேச்சாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

இசையைக் குருமுகமாகத்தான் கற்க வேண்டும் என்பவர்கள் ஒரு கணக்கை மட்டும் சொல்வதில்லை. அந்தக் குருவின் வாசற்படியில் இதுவரை ஏறியவர்கள் யார்? ஏற விடப்படாதவர்கள் யார்? ஏறிய பெண்கள் என்ன விலை கொடுத்தார்கள்?

தமிழில் ஒரு பெண்ணின் இசைக்கல்வியை மிக விரிவாகச் சொல்லும் இடம் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. வகுப்பில் அதை நடத்தும்போதெல்லாம் மாணவிகளை ஒரு பட்டியல் போடச் சொல்வேன். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன். ஆறு பேருடைய இலக்கணமும் தனித்தனியாக விரிகிறது. ஆறு பேரும் ஆண்கள். நடுவில் ஐந்து வயதில் பயிற்சிக்கு வந்து, ஏழாண்டு கற்று, பன்னிரண்டு வயதில் அரங்கேறும் சிறுமி மாதவி. அவள் கலைக்குச் சோழன் தலைக்கோல் பட்டம் தருகிறான். ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் தருகிறான். அடுத்த காட்சியில் அதே தொகைக்கு அவளுடைய மாலை நகர வீதியில் விலை கூறப்படுகிறது. அவள் கற்றது எதற்காக என்பதை இளங்கோ ஒளிக்கவில்லை.

அதே மாதவி கானல்வரியில் யாழைத் தொழுது வாங்கி, இசை கூட்டிச் சோதித்துப் பார்த்துக் கோவலன் கையில் கொடுக்கிறாள். அவன் பாடுகிறான். பிறகு அவள் வாங்கித் தன் பாட்டைப் பாடுகிறாள். பாடி முடித்ததும் அவன் எழுந்து போய்விடுகிறான். யாழைச் சுருதி சேர்த்துக் கொடுக்கும் பெண் வேண்டும். அதில் தன் சொல்லைப் பாடும் பெண் ஆகாது. இரண்டாயிரம் ஆண்டுப் பழமை என்று நாம் பெருமை பேசும்போது இந்தப் பழமையையும் சேர்த்தே பேச வேண்டும்.

பிற்காலக் கதையும் நமக்குத் தெரியும். வீணை தனம்மாளைப் போன்ற இசை வேளாளர் குலத்துப் பெண்கள் கடல் போன்ற ஞானத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள். அந்த ஞானத்தோடு ஊரின் இழிசொல்லும் அவர்கள்மேல் ஏற்றப்பட்டது. சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டும் முறை 1947இல் சட்டத்தால் ஒழிந்தது. அதை ஒட்டிய காலத்தில் அதே இசை "கௌரவமான" வீடுகளின் கூடத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அது மகளின் திருமணத் தகுதிகளில் ஒன்றாயிற்று. பெண் பார்க்க வருபவர்களுக்கு இரண்டு கீர்த்தனை. கல்யாணத்துக்குப் பின் உறை போட்ட வீணை பரண்மேல். ஒரு பாட்டைத் திருப்பிப் பாடத் தேவையான அளவுக்கு மட்டும் அந்தப் பெண்களுக்குக் கற்றுத் தரப்பட்டது. அந்தப் பாட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் அறிவு அவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது?

குருவின் அறைக்குள் நடப்பதைப் பற்றியும் மௌனம் காக்க வேண்டியதில்லை. 2018இல் கர்நாடக இசை உலகில் பெண்கள் பாலியல் அத்துமீறல்களை வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார்கள். குற்றச்சாட்டுகளைத் தொடர்ந்து சென்னை மியூசிக் அகாடமி அந்த ஆண்டு மார்கழி விழாவிலிருந்து ஏழு கலைஞர்களை விலக்கியது. 2023இல் கலாக்ஷேத்ரா வளாகத்தில் மாணவிகள் உட்கார்ந்து போராடினார்கள். நல்ல ஆசிரியர்கள் நிறையப் பேர் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்காத பணிவையே கல்வியின் முதல் தகுதியாக வைக்கும் முறை, கெட்ட ஆசிரியனுக்குத்தான் அதிகம் பயன்படுகிறது. புத்தகம் யாரையும் தொடுவதில்லை. சாதி கேட்பதில்லை. "வீட்டுக்காரர் சம்மதிச்சாரா?" என்று கேட்பதில்லை. ஒரே பக்கத்தை நாற்பது முறை திருப்பினாலும் சலித்துக்கொள்வதில்லை.

நான் குரங்கணிக்காரி. போடிநாயக்கனூருக்கு மேற்கே, கொட்டகுடி ஆறு இறங்கும் மலையடிவாரம். எங்கள் ஊரில் குருவும் இல்லை, குருகுலமும் இல்லை. ஏலத்தோட்டமும் காப்பித்தோட்டமும் காடும் இருந்தன. ஆனால் பாட்டுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. களையெடுப்பில் பாடுவார்கள், காய் எடுப்பில் பாடுவார்கள், சாவு வீட்டில் பாடுவார்கள், தொட்டில் ஆட்டும்போது பாடுவார்கள். பாடியவர்கள் எல்லாரும் பெண்கள். அதை இசை என்று யாரும் சொன்னதில்லை.

எங்கள் பக்கத்தில் 'மெட்டு' என்றால் மலைமேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கும் இடம். போடிமெட்டு, கம்பம்மெட்டு என்று பேர் வைத்திருக்கிறோம். தமிழ்நாட்டில் எல்லாருக்கும் 'மெட்டு' என்றால் பாட்டின் நடை. வீணைக்காரர்களுக்கு 'மெட்டு' என்றால் தண்டியின்மேல் மெழுகில் பதித்திருக்கும் பித்தளைக் கட்டைகள். ஒரு வீணைக்கு 24. கிட்டார்ப் புத்தகங்கள் 'ஃபிரெட்' என்று சொல்வதும் இதைத்தான். மலைக்கும் பாட்டுக்கும் தந்திக்கும் பொதுவான ஒரு சொல் நம் கையிலேயே இருக்கும்போது, கிட்டார் ஏதோ அந்நிய வித்தை, ஆங்கிலம் பேசும் பையன்களுக்கு உரியது என்று நம்மை நம்பவைத்தது யார்?

புத்தகம் எனக்குச் சொல்லித் தந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிட்டாரைத் தொட்டிராதவர்களும் புரிந்துகொள்ளலாம். இதில் மந்திரம் எதுவும் இல்லை.

ஆறு தந்திகள். தடித்த தந்தியிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று பெயர். ஒவ்வொரு தந்தியிலும், விரல் வைக்காத ஒலியையும் பன்னிரண்டு மெட்டுகளையும் சேர்த்தால் 13 இடங்கள். ஆறு தந்திக்கும் 78. பார்த்தவுடன் மலைப்பாக இருக்கும். ஆனால் இந்த 78 இடங்களிலும் இருப்பவை மொத்தம் பன்னிரண்டே சுரங்கள்தாம். மீதி எல்லாம் அவற்றின் திரும்ப வரும் முகங்கள். இதைப் படித்த இரவில் தையல் டேப்பை எடுத்து அளந்து பார்த்தேன். தந்தியின் நீளம் 65 செ.மீ. பன்னிரண்டாவது மெட்டு சரிபாதியில், 32.5 செ.மீட்டரில் நிற்கிறது. பாதியாகக் குறுகிய தந்தி அதே சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே தருகிறது. முதல் மெட்டுக்கு ஏறத்தாழ 3.6 செ.மீ. இடைவெளி; பன்னிரண்டாவதுக்கு 1.9 செ.மீ. ஒவ்வொரு மெட்டிலும், மீதமுள்ள தந்தியின் நீளம் ஒரே விகிதத்தில் குறைகிறது. எட்டாம் வகுப்புக் கணக்குத் தெரிந்த பெண்ணுக்கு இது போதும். "ரத்தத்தில் ஊற வேண்டும்" என்று சொல்லிப் பூட்டிவைத்த பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு டேப்பும் ஒரு வகுத்தல் கணக்கும் இருக்கின்றன.

இந்தக் கணக்கு தமிழுக்கும் புதிதில்லை. ஒரு ஸ்தாயியைச் சமமான விகிதத்தில் பகுப்பதுபற்றி ஆபிரகாம் பண்டிதர் 'கருணாமிர்த சாகரம்' என்ற நூலில் ஆயிரம் பக்கங்களுக்கு மேல் எழுதி, 1917இல் தஞ்சாவூரிலிருந்து வெளியிட்டார். சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் ஆதாரமாக வைத்து இருபத்துநான்கு சுருதிகளை நிறுவ முயன்ற நூல் அது. அதற்கு முந்தைய ஆண்டு பரோடாவில் நடந்த இசை மாநாட்டில் அந்த ஆராய்ச்சியைச் சபைமுன் இசைத்துக் காட்டியவர்கள் அவருடைய மகள்கள். மகள்களைச் சபைக்கு அழைத்துச் சென்ற அந்தத் தகப்பன்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் இசை வரலாற்றில் நூலும் கொள்கையும் தகப்பன் பெயரில் நிற்கின்றன. மகள்கள் நிரூபணமாக நிற்கிறார்கள்.

கிட்டாரைச் சுருதி சேர்க்கப் புத்தகங்கள் சொல்லும் எளிய வழி ஒன்று உண்டு. தடித்த தந்தியின் ஐந்தாவது மெட்டில் விரல் வைத்தால் வரும் ஒலி, அடுத்த தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் வரும் ஒலியாக இருக்க வேண்டும். இப்படியே ஒவ்வொரு தந்தியாகப் போகலாம். ஓரிடத்தில் மட்டும், ஜி தந்தியிலிருந்து பி தந்திக்குப் போகும்போது, ஐந்தாவதுக்குப் பதில் நான்காவது மெட்டில் விரல் வைக்க வேண்டும். கற்பவர்கள் தடுமாறும் இடம் இது. "மனப்பாடம் செய்துகொள்க" என்கிறது என்னிடம் உள்ள ஒரு புத்தகம்.

நான் தமிழ் படித்தவள். பழந்தமிழ் இசையிலக்கணத்தில் 'நரம்பு' என்றால் தந்தியும் சுரமும். நின்ற நரம்பிலிருந்து நான்காம் நரம்பு நட்பு, ஐந்தாம் நரம்பு கிளை, மூன்றாவதும் ஆறாவதும் பகை. இந்தக் கண்ணால் பார்த்தால் கிட்டாரின் அடுத்தடுத்த தந்திகள் எல்லாம் நான்காம் நரம்புகள், நட்பு. ஜிக்கும் பிக்கும் இடையில் மட்டும் மூன்றாம் நரம்பு, பகை. எந்த இடத்தில் விரல் தடுமாறுகிறதோ அந்த இடத்துக்கு நம்மிடம் பெயர் இருக்கிறது. இப்படிச் சொன்னால் ஒரு தமிழ் மாணவி மறப்பாளா?

இந்த உறவுகளைச் சிலப்பதிகாரத்தில் மேடையேற்றுவது ஆறு ஆசிரியர்களில் ஒருவரும் இல்லை. மதுரைப் புறஞ்சேரியில் மோர் விற்ற இடைச்சி மாதரி. ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயரை அவள்தான் இடுகிறாள். வட்டமாக நிறுத்துகிறாள். யாருக்கு அடுத்து யார் நிற்பது என்பதில் ஒரு முழு இசைக் கணக்கு இருக்கிறது. ஆனால் நம் உரை மரபிலும் ஆய்வு மரபிலும் மாதரியை இசையறிஞர் என்று யாரும் எழுதியதாக நான் படித்ததில்லை. "குரவைக்கூத்து, ஆயர் வழிபாடு" என்று கடந்துபோகிறோம். அவள் அறிந்தது அறிவாகக் கணக்கில் வரவில்லை.

இதுதான் என் வழக்கின் மையம். பெண்ணுக்குத் தெரிந்தால் அதைக் கைப்பழக்கம் என்கிறார்கள். ஆணுக்குத் தெரிந்தால் சாஸ்திரம் என்கிறார்கள்.

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்களைப் பாருங்கள். சல்லடை அளவு பிரித்துக் கொடுத்தபின்னும், நிறம் வெளுத்தது, வெடித்தது, பூச்சி கடித்தது, பால்காய் என்று விரல்தான் பிரிக்கிறது. பேசிக்கொண்டே, கண் வேறெங்கோ இருக்க, காயின் முதிர்ச்சியை நுனிவிரலால் அறிகிறார்கள். ஏலத்தில் அந்தத் தரத்துக்குத்தான் விலை. ஆனால் தரம் அறிந்தவர் என்ற பேர் வியாபாரிக்கு. அவர்களுக்குப் பேர் கூலியாள். என் அம்மா இருபத்தைந்து வருடம் அந்த வேலை செய்தவர். கிட்டார்ப் புத்தகங்கள் சொல்வதுபோல் தந்தியில் தேய்ந்து விரல்நுனி காய்த்துப்போக எனக்குச் சில மாதங்கள் ஆயின. அம்மாவின் விரல்கள் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே அப்படித்தான் இருக்கின்றன.

போடியிலிருந்து தெற்கே தேவாரத்தைத் தாண்டினால் பண்ணைப்புரம். இளையராஜாவின் ஊர். எங்கள் மாவட்டத்தில் கிட்டார் என்றாலே எல்லாரும் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். தலித் குடும்பத்தில் பிறந்த ஒருவர், சென்னைக்குப் போய், தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைச் சுரக்குறிப்பைக் கற்று, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்று, எழுதப் படிக்கக் கற்ற அந்த இசையறிவைக் கொண்டு கோடம்பாக்கத்தையே மாற்றினார். சுரக்குறிப்பு என்ற எழுத்து, சாதியின் கதவை எப்படி உடைக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று என்ன வேண்டும்? "எழுத்தால் இசை வராது" என்பவர்கள் பண்ணைப்புரத்துக்குப் போய்ச் சொல்லட்டும்.

அந்தக் கதைக்குள் இன்னொரு கதை இருக்கிறது. தம் தாய் சின்னத்தாயின் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்ததை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். சென்னைக்குப் புறப்பட்ட மகன்களுக்கு வானொலிப் பெட்டியை விற்று 400 ரூபாய் கொடுத்தவரும் அந்தத் தாய்தான். அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் பெண்குரல் வேண்டிய பாட்டுகளைச் சிறுவனாக இருந்த தாமே பாடியதையும் அவர் சொல்லியிருக்கிறார். நினைத்துப் பாருங்கள். ஊர் முழுக்கப் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். மேடைக்குப் பெண்குரல் வேண்டியபோது ஒரு பையனைத்தான் நிறுத்த முடிந்தது. இது எந்தத் தனிமனிதர்மீதும் புகார் இல்லை. பெண்ணின் பாட்டு வயலோடும் தொட்டிலோடும் நிற்க வேண்டும் என்று வைத்த ஊர்க்கட்டுப்பாட்டின்மீது புகார். தாய்மார் பாடினார்கள், மகன்கள் எழுதக் கற்றார்கள். மகள்களுக்கு என்ன ஆயிற்று?

தமிழ்த் திரையிசையில் பாடகிகளைச் சொல்லச் சொன்னால் மூச்சுவிடாமல் ஐம்பது பெயர் சொல்வோம். இசையமைத்த பெண்களைச் சொல்லச் சொன்னால் பி. பானுமதி, 'மித்ர் மை ஃபிரண்ட்' படத்துக்கு இசையமைத்த பவதாரிணி என்று தொடங்கி ஒரு கை விரல்களுக்குள் திணறுகிறோம். பெண்ணின் தொண்டைக்கு இடம் உண்டு. எந்தச் சுரத்துக்குப்பின் எது வரும் என்று முடிவெடுக்கும் இருக்கைக்கு இடம் இல்லை. அந்த இருக்கைக்குப் போகும் வழி இசையிலக்கணம். அதைத்தான் பெண்களுக்குத் தராமல் வைத்திருக்கிறார்கள்.

சென்ற ஆண்டு அம்மாவைக் காய் பிரிக்கும்போது பாடும் பாட்டு ஒன்றைப் பாடச் சொன்னேன். கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுரமாகத் தேடினேன். ஜி தந்தியின் இரண்டாவது மெட்டில் தொடங்குகிறார். அதே தந்தியில் ஐந்தாவது மெட்டு. அடுத்த தந்தியில் மூன்றாவதும் ஐந்தாவதும். கடைசித் தந்தியில் மூன்றாவது. அவ்வளவுதான், ஐந்து சுரங்கள். முழுப் பாட்டும் அதற்குள் ஏறி இறங்குகிறது. ஐந்து சுரத்தால் ஆனதைப் பழந்தமிழ் இசை 'திறம்' என்றது. அம்மாவின் பாட்டில் இருந்த ஐந்தும் கர்நாடக இசையில் சுத்த தன்யாசியின் சுரங்கள். கிட்டார்ப் புத்தகங்கள் அவற்றை 'மைனர் பென்டடோனிக்' என்கின்றன. மின்கிட்டார் எடுக்கும் பையன்கள் முதலில் மனப்பாடம் செய்யும் ஸ்கேல் அது. சபையில் அமர்ந்தால் சுத்த தன்யாசி, மேடையில் குதித்தால் பென்டடோனிக், ஏலக்காய்க் களத்தில் உட்கார்ந்தால் "சும்மா பாடுறது."

எழுதிக் காட்டியதும் அம்மா கேட்டார்: "நான் பாடுனதுக்கெல்லாம் பேரு இருக்காடி?"

இருக்கிறது, அம்மா. இத்தனை நாள் உன்னிடம் யாரும் சொல்லவில்லை.

இவ்வளவு சொன்னதால் புத்தகங்களை நான் கும்பிடுகிறேன் என்று எண்ண வேண்டாம். அவற்றோடும் எனக்குச் சண்டை உண்டு. அமெரிக்காவில் 1940களின் இறுதியில் மெல் பே தொடங்கிய பாடவரிசையும், பெர்க்லி இசைக் கல்லூரிக்காக வில்லியம் லெவிட் 1966இல் எழுதத் தொடங்கிய பாடநூலும் உலகம் முழுக்கக் கிட்டார்க் கல்விக்கு அடித்தளம் போட்டவை. ஒழுங்கான நூல்கள். ஆனால் இந்த வகைப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் ஒரு வாசகன் ஒளிந்திருக்கிறான். அவனுக்குத் தனி அறை இருக்கிறது. தினம் ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் கிடைக்கிறது. நீண்ட விரல்கள் இருக்கின்றன. ஆங்கிலம் தெரியும். சுட்டுவிரலை ஆறு தந்திகளின்மேலும் படுக்கவைத்து அழுத்தும் 'பார் கார்டு' வரும் பக்கத்தில், வலித்தால் விடாமல் பழகு என்கிறார்கள். கிளாசிக்கல் கிட்டாரின் கழுத்து மேல்முனையில் 52 மி.மீ. அகலம், குறுகிய கழுத்தும் குட்டையான தந்தியும் கொண்ட கிட்டார்களும் கடையில் கிடைக்கின்றன என்பதை அந்தப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? கருவியை ஓர் உடலுக்கு ஏற்பச் செய்துவிட்டு, பொருந்தாத உடலைக் குறைசொல்வது நாம் செருப்பிலிருந்து பேருந்துக் கைப்பிடி வரை பார்த்த பழைய கதை.

பெண்கள் கிட்டார்ப் பாடநூல் எழுதவில்லையா? எழுதினார்கள். 19ஆம் நூற்றாண்டு லண்டனில் புகழ்பெற்ற கிட்டார் ஆசிரியை ஒருவர் இருந்தார். விக்டோரியா அரசியின் மகள் லூயிஸ் அவருடைய மாணவி. கிட்டார் கற்பதை எளிமையாக்கிப் பாடநூல்கள் எழுதினார். கேத்தரினா ஜோசபா என்ற தம் பெயரில் அவர் அறியப்படவில்லை. புத்தக அட்டையில் இருப்பது கணவரின் பெயரைச் சுமந்த 'மேடம் சிட்னி பிராட்டன்'. அமெரிக்காவில் கறுப்பினப் பெண் எலிசபெத் காட்டன் இடது கைப்பழக்கம் உள்ளவர். வலது கைக்காரர்களின் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்துத் தாமே கற்றார். வீட்டுவேலை செய்து பிழைத்தார். கிட்டாரைப் பல ஆண்டுகள் கைவிட்டு, அறுபது வயதை ஒட்டி மீண்டும் எடுத்து, 1958இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டார். அவர் கைக்கு ஏற்ற புத்தகம் ஒன்றும் அன்று இல்லை. இன்று அவருடைய மீட்டுமுறை 'காட்டன் பிக்கிங்' என்ற பெயரில் புத்தகங்களில் பாடமாக இருக்கிறது. கைப்பழக்கம் என்று ஒதுக்கியதை எழுதிவைத்தால் அது சாஸ்திரமாகிவிடுகிறது, பாருங்கள்.

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். "புத்தகத்தால் காது வளராது" என்கிறார்கள். பாதி உண்மை. காதைப் புத்தகம் தராது. ஆனால் எங்கள் பெண்களுக்குக் காது ஏற்கெனவே இருக்கிறது. தொட்டிலிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். இல்லாதது பெயரும் வரைபடமும். "தவறாக உட்காருவாய், மணிக்கட்டு கெட்டுவிடும்" என்கிறார்கள். அது நடக்கக்கூடியதுதான். கண்ணாடிமுன் உட்காரச் சொல்லிப் புத்தகமே எச்சரிக்கிறது. வலித்தால் நிறுத்த வேண்டும். முடிந்தால் நம்பகமான ஆசிரியையை மாதம் ஒருமுறை பார்க்கலாம். அந்தக் குறையைக் காட்டிக் கல்வியையே மறுப்பவர்கள், குனிந்து காய் எடுக்கும் பெண்களின் முதுகைப் பற்றி ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

"எல்லாம் வீடியோவில் இருக்கிறதே, புத்தகம் எதற்கு?" என்பது மாணவிகளே கேட்பது. வீடியோ வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் வீட்டில் போன் யார் கையில் இருக்கிறது? எத்தனை மணிக்குப்பின் பிடுங்கப்படுகிறது? போனில் என்ன பார்க்கிறாய் என்று கேட்காத அண்ணன் உண்டா? அரிசிப் பானைக்குப் பக்கத்தில் கிடக்கும் புத்தகத்தை யாரும் சோதிப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. வீடியோவில் விரலைப் பார்த்து விரலை வைக்கிறோம். ஒரு பாட்டு வருகிறது. அந்த விரல் ஏன் அங்கே போகிறது என்று தெரிந்தால்தான் அடுத்த பாட்டை நாமே கட்ட முடியும். நகலெடுக்கும் திறமையைப் பெண்களிடம் இந்த உலகம் எப்போதும் பாராட்டியே வந்திருக்கிறது. காரணம் தெரிந்தவளைத்தான் அது பயப்படுகிறது.

என் மாணவி ஒருத்தி, தோட்டத் தொழிலாளியின் மகள், கிட்டார் கேட்டபோது வீட்டில் சொன்னார்களாம்: "கீபோர்டுன்னா சரி, கிட்டார் பொம்பளப் பிள்ளைக்கு நல்லாவா இருக்கும்?" எது நன்றாக இல்லை? கால்மேல் கால் போட்டு உட்காருவதா, கருவியை உடம்போடு அணைப்பதா, கை வீசி மீட்டுவதா? இந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. 2018 மார்ச் 11 அன்று எங்கள் குரங்கணி மலையில் பிடித்த காட்டுத்தீயில் மலையேற வந்தவர்கள் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். அந்தக் குழுவில் பெண்களே அதிகம். அனுமதி யார் கொடுத்தார்கள், எச்சரிக்கை ஏன் இல்லை, மீட்பு ஏன் தாமதம் என்று கேட்க வேண்டிய கேள்விகள் ஆயிரம் இருந்தன. டீக்கடையில் என் காதில் விழுந்த கேள்வி வேறு: "பொம்பளப் பிள்ளைகளுக்கு மலையில என்ன வேலை?" இறந்த ஆண்களைப் பற்றி அப்படி யாரும் கேட்கவில்லை. விடியுமுன் ஜீப்பில் அடைத்துக்கொண்டு போடிமெட்டு ஏறிக் கேரளத்துத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் நூற்றுக்கணக்கான பெண்களைப் பார்த்தும் அப்படிக் கேட்பதில்லை. கூலிக்கு என்றால் பெண் எந்த மெட்டும் ஏறலாம். தன் மகிழ்ச்சிக்கு, தன் அறிவுக்கு என்றால் காரணம் சொல்ல வேண்டும்.

எனவே நமக்கு வேண்டியவற்றைத் தெளிவாகக் கேட்போம். கிட்டார் இசையிலக்கணத்தைத் தமிழில், நம் சொற்களில், பெண்கள் எழுத வேண்டும். மெட்டு, நரம்பு, கிளை, நட்பு, பகை, திறம் என்று நம்மிடம் கிடக்கும் சொற்களைப் பரணிலிருந்து இறக்க வேண்டும். அந்தப் புத்தகங்கள் கிளை நூலகங்களிலும் மாணவியர் விடுதிகளிலும் இருக்க வேண்டும். பெண்கள் கல்லூரிகள் ஆண்டுவிழாவுக்கு வாடகை மேளம் பிடிக்கும் பணத்தில் நான்கு கிட்டார்கள் வாங்கிவைக்கலாம். தமிழ்த் துறைகள் அரங்கேற்று காதையை நடத்தும்போது ஒரு தந்திக்கருவியை வகுப்புக்குள் கொண்டுவரலாம். பாட்டிகளின் பாட்டுச் சொற்களை மட்டும் பதிவு செய்து முனைவர் பட்டம் வாங்கும் வழக்கத்தை நிறுத்தி, அவற்றின் மெட்டையும் சுரக்குறிப்போடு, பாடியவரின் பெயரோடு எழுதிவைக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். ஒரு பழைய புத்தகம் போதும், யாரிடமாவது இரவல் கிட்டார் போதும். தடித்த தந்தியின் ஐந்தாவது மெட்டில் விரல் வையுங்கள். அடுத்த தந்தியை மீட்டிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக ஒலிக்கும்வரை முறுக்காணியைத் திருப்புங்கள். யாராவது எதற்கு என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய அவசியமில்லை. அடுத்த தந்திக்குப் போங்கள்.